பேரேட்டுக்கு வெளியே: மலையகத்துப் புனர்வாழ்வும் கணினிவழித் துணைக்குழுக்களும்

இலங்கை மலைநாட்டுப் பெருந்தோட்ட மக்களின் வரலாறு பெரும்பாலும் உழைப்பின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து அவர்கள் புறப்பட்டமை, கங்காணி முறையின்கீழ்க் கடன்பட்டமை, கோப்பித் தோட்டங்களையும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களையும் உருவாக்கியமை, 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றோர் ஆக்கப்பட்டமை, தொழிற்சங்கங்களாக ஒன்றுதிரண்டமை ஆகிய யாவும் உழைக்கும் கரங்களைச் சுற்றியே அமைந்த செய்திகளாகும். நோயினாலோ விபத்தினாலோ அக்கரங்கள் செயலற்றுப் போனபோது அம்மனிதர் யாது ஆயினர் என்னும் வினா அதிகம் எழுப்பப்படவில்லை.

அவ்வினாவே புனர்வாழ்வு பற்றிய வினாவாகும். இலங்கையின் அண்மைக்கால வழக்கில் புனர்வாழ்வு என்னும் சொல் பல பொருள்களைத் தாங்கி நிற்கின்றது. இடம்பெயர்ந்தோரை மீளக் குடியமர்த்துதல், ஆயுதம் தாங்கியிருந்தோரைச் சமூகத்துடன் இணைத்தல், போதைப்பொருளுக்கு அடிமையானோரை மீட்டல் என்பனவற்றையும் அது குறிக்கும். ஈண்டு அது மருத்துவப் பொருளிலேயே கையாளப்படுகின்றது. பாரிசவாதம், இளம்பிள்ளைவாதம், முள்ளந்தண்டுக் காயம், உறுப்பிழப்பு முதலியவற்றால் முன்னைய நிலைக்கு மீள இயலாதவர், எஞ்சிய ஆற்றலைக் கொண்டு மீண்டும் மனிதரிடையே வாழப் பயிலுதலே அதன் பொருளாகும். இத்தகையோர்க்குக் கணினியை அறிமுகஞ்செய்து, அதன்வழித் தம்மையொத்த பிறரோடு உறவாடச் செய்யும் முயற்சி உலகின் சில பகுதிகளில் நாற்பதாண்டு கால வரலாற்றைக் கொண்டது. ஹட்டனைச் சூழ்ந்த தோட்டப் பிரதேசத்திற்கு அவ்வரலாறு உணர்த்துவது யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கருவி வந்தவுடன் நோயாளரின் தனிமை நீங்கிவிடும் என்னும் நம்பிக்கையை வரலாறு உறுதிப்படுத்தவில்லை. கருவிக்கும் நோயாளருக்கும் இடையே அவர் மொழியிற் பேசும் ஒருவர் நின்ற இடங்களிலேயே பயன் விளைந்தது.

பேரும் அரைப்பேரும்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ள ஹட்டன், 1880களில் புகையிரதப் பாதை வந்தடைந்ததன் பின்னர், டிக்கோயா, மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவை முதலிய தேயிலைப் பகுதிகளின் வாயிலாக வளர்ச்சியுற்றது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் இம்மலைகளைத் தேயிலை ஆட்கொண்டது. கோப்பிக்குப் பருவகால உழைப்புப் போதுமானதாயிருந்தது. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கும் கரங்கள் தேவைப்பட்டன. ஆகவே தொழிலாளர் குடும்பமாகத் தோட்டத்திலே தங்கினர். தங்கிய இடம் லயன்கள் எனப்படும் தொடர்வரிசை அறைகளாகும்.

தோட்டத்தில் ஒவ்வொரு நாட்காலையும் பிரட்டுக்களத்தில் தொழிலாளர் கூடுவர். அவர்தம் வரவு செக்ரோல் எனப்படும் பதிவேட்டிற் குறிக்கப்படும். முழுநாள் வேலையைத் தோட்டத் தமிழ் ‘பேர்’ என வழங்கும்; குறைந்த வேலைக்கு ‘அரைப்பேர்’. கூலியைக் குறிக்கும் சொல்லாக மனிதரின் பெயரே வழங்கியமை சிந்திக்கத்தக்கது. வேலைக்குச் சென்றவருக்கு அன்று பேர் உண்டு. நோயுற்று லயத்திற் கிடந்தவருக்கு அன்று பேர் இல்லை. வீடும் தோட்டத்திற்குரியதாய் இருந்தமையால், குடும்பத்தில் ஒருவராவது பேர் பெறுதல் இருப்பிடத்திற்கும் இன்றியமையாததாயிற்று. உழைக்க இயலாதவர் தம் கூலியை இழந்ததோடு, பிறர் உழைப்பில் தங்கி வாழும் பாரமாகவும் தம்மைக் கருத நேர்ந்தது.

தோட்டங்களில் மருத்துவ ஏற்பாடு இல்லாதிருந்தது எனக் கூறுதல் பொருந்தாது. 1872ஆம் ஆண்டில் மருத்துவத் தேவைகள் பற்றிய கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. 1912இல் தொழிலாளர் நோய்கள் பற்றிய கட்டளைச்சட்டம் வந்தது. தோட்டந்தோறும் மருந்தகங்கள் தோன்றின. 1916ஆம் ஆண்டு றொக்பெல்லர் மன்றத்தின் துணையோடு மாத்தளைப் பகுதித் தோட்டங்களிற் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் ஆரம்பிக்கப்பட்டது. குடிபெயர்ந்து வந்தோர் மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு நோய்ப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். இவற்றால் பல உயிர்கள் காக்கப்பட்டன என்பதில் ஐயமில்லை. எனினும் இவ்வேற்பாடுகளின் உள்நோக்கம் தெளிவானது. கொழுக்கிப்புழு இரத்தச்சோகையை உண்டாக்கி வேலைத்திறனைக் குறைத்தது. அம்மை, வாந்திபேதி முதலியன தொழிற்படையையே அழிக்க வல்லனவாயிருந்தன. எனவே நோயைத் தடுத்துத் தொழிலாளரை மீண்டும் பிரட்டுக்கு அனுப்புவதே தோட்ட மருத்துவத்தின் இலக்காயிற்று. பிரட்டுக்கு ஒருபோதும் மீள இயலாதவர் அம்மருத்துவத்தின் கணக்குக்கு உட்பட்டவர் அல்லர்.

பிற்கால மாற்றங்களும் இந்நிலையை முற்றாக மாற்றவில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதே காலப்பகுதியில், 1973, 1974ஆம் ஆண்டுகளில், உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைக் கடுமையாகத் தாக்கியது. 1992இல் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. வீடமைப்புக்கும் சமூகநலத்துக்குமென உருவாக்கப்பட்ட பொறுப்பு நிதியம் 2002இல் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் எனப் பெயர் பெற்றது. தோட்ட மருத்துவமனைகளைச் சுகாதார அமைச்சின்கீழ்க் கொணரும் முயற்சி 1990களில் தொடங்கி மெதுவாகவே நடந்தேறியது. டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 150 படுக்கைகள் கொண்ட ஆதார மருத்துவமனை 2017ஆம் ஆண்டு மே மாதம் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியினாலே திறந்து வைக்கப்பட்டது. இது குறிப்பிடத்தக்க முன்னேற்றமேயாகும். ஆயினும் புனர்வாழ்வுக்கெனச் சிறப்பாக அமைந்த மருத்துவமனைகள் ராகமை, கண்டியை அடுத்த திகனை முதலிய சில இடங்களிலேயே உள்ளன. அங்குச் சில வாரம் பயிற்சி பெற்று மீளும் ஒருவர், சக்கர நாற்காலியை உருட்டிச் செல்ல வழியற்ற மலைச்சரிவையும், படிக்கட்டுகளையும், லயத்தின் ஒடுங்கிய அறையையுமே எதிர்கொள்கின்றார். அவர் கையிலுள்ள நோய்நிர்ணய அட்டை ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். தமக்கு நேர்ந்தது யாது, இனி ஆகக்கூடியது யாது என்பதை எடுத்துரைப்பார் அருகில் இல்லாதபோது, உடல் நோயைவிடத் தனிமையே கொடியதாகின்றது.

தம்மையொத்தவர் துணை

புனர்வாழ்வு மருத்துவம் தனித்துறையாக வளர்ந்தது இரண்டாம் உலகப் போர்க் காலத்திலாகும். 1944இல் இங்கிலாந்தின் ஸ்ரோக் மண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் முள்ளந்தண்டுக் காயமுற்றோருக்கான பிரிவை ஆரம்பித்தார். நியூயோர்க்கில் ஹவார்ட் றஸ்க் 1951இல் புனர்வாழ்வு நிறுவனமொன்றைத் தோற்றுவித்தார். தமிழகத்திற்கு இத்துறையைக் கொணர்ந்தவருள் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் மேரி வர்கீஸ் முதன்மையானவர். 1954ஆம் ஆண்டு நேர்ந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த அவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் றஸ்கின் நிறுவனத்திற் பயிற்சி பெற்று மீண்டு, வேலூரிலே புனர்வாழ்வுத் துறையைக் கட்டியெழுப்பினார். அதன் புனர்வாழ்வு நிறுவனம் 1966இல் திறக்கப்பட்டது. அங்கு வந்த நோயாளி, தம்மைப் போன்றே நடக்கவியலாத ஒருவர் மருத்துவராய்த் தம்முன் அமர்ந்திருக்கக் கண்டார். அந்தக் காட்சி எந்த அறிவுரையினும் வலியதாய் இருந்திருக்கும் என்பது உய்த்துணரத்தக்கது.

கருவியின் வரலாறும் இக்காலத்திலேயே தொடங்குகின்றது. 1960ஆம் ஆண்டளவில் ஸ்ரோக் மண்டவில் மருத்துவமனையில் றெஜ் மேலிங் என்பவர், உடல் முழுதும் செயலிழந்த நோயாளிகள் மூச்சை ஊதியும் உறிஞ்சியும் தட்டெழுத்துப் பொறி முதலியவற்றை இயக்கத்தக்க சாதனமொன்றை அமைத்தார். அதற்கு வழங்கிய பெயர் ‘என்னால் இயலும்’ எனப் பொருள்படும் ஓர் இலத்தீன் சொல்லாக அமைந்தது. ஆயினும் அச்சாதனம் நோயாளியைத் தம் அறையிலுள்ள பொருள்களோடு இணைத்ததேயன்றிப் பிற நோயாளரோடு இணைக்கவில்லை.

அவ்விணைப்பு 1980களில் ஏற்பட்டது. 1984இல் ஐக்கிய அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், கேஸ் வெஸ்டேர்ண் றிசேர்வ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொம் கிறண்ட்னர், தொலைபேசிக் கம்பியூடாகக் கணினியில் மருத்துவ வினாக்களைப் பொதுமக்கள் கேட்கவும் மருத்துவர் விடையளிக்கவும் வழிசெய்தார். அம்முயற்சி வளர்ந்து 1986இல் நகர மக்கள் யாவருக்குமான இலவசக் கணினி வலையமைப்பாயிற்று. அவ்வலையமைப்பைப் பயன்படுத்திப் பற்றீசியா பிறெனன் என்னும் தாதியியற் பேராசிரியர், எயிட்ஸ் நோயாளரின் வீடுகளிலும், மறதிநோயுற்றோரைப் பராமரிப்போரின் வீடுகளிலும் கணினிகளை வைத்து ஆராய்ந்தார். 1989இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தினரும் இத்தகையதொரு திட்டத்தைத் தொடங்கி, மார்பகப் புற்றுநோய் முதலியவற்றால் வருந்துவோருக்குக் கணினிகளை இரவலாக வழங்கினர்.

பிறெனனின் ஆய்வு வெளிப்படுத்திய உண்மை ஈண்டு நோக்கற்பாலது. அக்கணினியில் நோய்பற்றிய தகவற் களஞ்சியமும் இருந்தது. முடிவெடுக்க உதவும் பகுதியும் இருந்தது. ஒருவரோடொருவர் எழுத்தாற் பேசும் பகுதியும் இருந்தது. மக்கள் மிகுதியாக நாடியது பேசும் பகுதியையே. மது அடிமைத்தனத்திலிருந்து மீள்வோர் 1935இல் அமெரிக்காவில் அமைத்த தோழமைக் கழகங்களும் இதே அடிப்படையிலேயே எழுந்தன. ஒரு துன்பத்தை அனுபவித்தவரின் சொல்லுக்கு, அதனைக் கற்றறிந்தவரின் சொல்லுக்கு இல்லாத ஓர் ஆற்றல் உண்டு. கணினி அவ்வாற்றலைப் புதிதாகப் படைக்கவில்லை. வீட்டை விட்டு நீங்கவியலாதவரிடம் அதனைக் கொண்டு சேர்த்தது. இக்கருத்து நாளடைவிற் சட்ட வடிவமும் பெற்றது. இலங்கை 1996ஆம் ஆண்டிலே வலது குறைந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றியது. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அச்சமவாயத்தின் 26ஆம் உறுப்புரை புனர்வாழ்வுக்கான வழிகளுள் ஒன்றாக ஒத்த நிலையினரின் துணையையும் வெளிப்படையாகவே குறிப்பிடுகின்றது.

கொத்மலை காட்டிய வழி

இலங்கையில் இணையம் 1995இல் வணிக நோக்கிற் கிடைக்கத் தொடங்கியது. அது கொழும்பின் அலுவலகங்களுக்கும் வசதி படைத்தோர் இல்லங்களுக்கும் உரியதாயிருந்தது. மலைநாட்டின் எளிய மக்கள் அதனோடு தொடர்புகொண்ட முதல் வழிகளுள் ஒன்று வானொலியாக அமைந்தமை வியப்புக்குரியது. கொத்மலை நீர்த்தேக்கம் 1985இல் நிறைவுற்றபோது பல கிராமங்கள் நீரில் மூழ்கின. இடம்பெயர்ந்த மக்களுக்காக 1989ஆம் ஆண்டில் கொத்மலைச் சமூக வானொலி ஆரம்பிக்கப்பட்டது. யுனெஸ்கோ நிறுவனத்தின் உதவியுடன் 1999இல் அந்நிலையத்திற்கு இணைய இணைப்பு வழங்கப்பட்டது. கம்பளை, நாவலப்பிட்டி ஆகிய நகரங்களின் பொது நூலகங்களிலும் மக்கள் பயன்பாட்டிற்குக் கணினிகள் வைக்கப்பட்டன.

இத்திட்டத்தின் சிறப்பு அதன் செயன்முறையிலே தங்கியிருந்தது. நேயர் ஒருவர் தம் வினாவைக் கடிதத்திலோ தொலைபேசியிலோ அனுப்புவார். அறிவிப்பாளர் அதற்கான விடயத்தை இணையத்திலே தேடுவார். விடயம் மருத்துவம் சார்ந்ததாயின் மருத்துவர் ஒருவரை அழைத்து அமர்த்துவார். இருவரும் ஆங்கிலத்தில் உள்ளதை நேயரின் மொழியில் விளக்கி ஒலிபரப்புவர். கணினியைக் காணாதவரும், ஆங்கிலம் அறியாதவரும், எழுத்தறிவு குன்றியவரும் இணையத்தின் பயனை இவ்வாறு பெற்றனர். இம்முறை உலகின் பல நாடுகளில் எடுத்துக்காட்டாகப் பேசப்பட்டது.

கொத்மலை அனுபவத்தைப் புனர்வாழ்வு நோக்கில் ஆராயின் இரு குறைபாடுகள் புலனாகின்றன. முதலாவது மொழி பற்றியது. அந்நிலையத்தின் ஒலிபரப்பு பெரும்பாலும் சிங்களத்திலேயே அமைந்தது. சூழவுள்ள மலைகளில் வாழ்ந்த தோட்டத் தமிழருக்கு அது அயலில் ஒலித்த குரலாயிற்றேயன்றித் தம் குரலாகவில்லை. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியிருந்தும், மருத்துவ அறிவு தமிழிற் கிடைத்தல் அரிதாகவே இருந்தது. இரண்டாவது குறை நுட்பமானது. வானொலி வினாவுக்கு விடை தந்தது. ஒத்த துன்பமுடைய இருவரை ஒருவரோடொருவர் பேச வைக்கவில்லை. பாரிசவாதமுற்ற ஒருவர் அந்நோய் பற்றிக் கேட்டறிந்திருக்கலாம். அடுத்த மலையிலுள்ள தோட்டத்திலே தம்மைப் போன்ற ஒருவர் இடக்கையால் உண்ணவும் எழுதவும் பழகிவிட்டார் என்பதை அவர் அறிய வழி இருந்திருக்காது.

அரசு மேற்கொண்ட அடுத்த முயற்சி நெணசல எனப்பட்ட அறிவு நிலையங்களாகும். 2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பச் சட்டத்தின்கீழ் அமைந்த முகவர் நிலையம், உலக வங்கியின் உதவியுடன் நாடெங்கும் இவற்றை நிறுவியது. நூலகங்கள், சமயத் தலங்கள், சிறு கடைகள் முதலிய இடங்களிற் கணினிகள் வைக்கப்பட்டன. 2014இல் இத்திட்டம் கேற்ஸ் மன்றத்தின் சர்வதேச விருதைப் பெற்றது. மாணவருக்கு இந்நிலையங்கள் உதவின. நடக்கவியலாத நோயாளருக்கு, மலையிறங்கிச் சந்திக்குச் சென்றாற்றான் கிடைக்கும் கணினி, ராகமையிலுள்ள மருத்துவமனை போன்றே தொலைவிலுள்ளதாயிற்று. கருவி அண்மையில் வந்தது என்பது நடக்க வல்லவரின் அளவுகோலாகும். நோயாளரின் அளவுகோல் வேறு.

தமிழும் கருவியும்

தமிழ் கணினிக்குள் புகுந்த வரலாற்றில் மலையகம் பங்கு கொண்டதைவிட அதன் பயனைக் காத்திருந்ததே மிகுதி. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழ் எழுத்துகள் இடம்பெற்றன. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை அமைப்பு வரையறுக்கப்பட்டது. பார்வையற்றோருக்குத் திரையிலுள்ளதை வாசித்துக் காட்டும் இலவச மென்பொருளொன்று 2006இல் அவுஸ்திரேலியாவிலே தொடங்கப்பட்டது. அதனை எழுதியோர் இருவரும் பார்வையற்றவர்களே என்பது குறிப்பிடத்தக்கது. நாளடைவில் அம்மென்பொருள் தமிழையும் வாசிக்கலாயிற்று.

இவ்வாறு அமைந்த தமிழ்க் கருவிகள் நோயாளரை அடைந்த முறைக்குத் தமிழகத்தில் இரு சான்றுகள் உள. சென்னையில் 1985இல் பூனம் நடராஜன் தோற்றுவித்த வித்யா சாகர் நிறுவனம் மூளைவாதமுற்ற சிறுவருக்காகப் பணியாற்றி வருவது. பேச்சு வராத இச்சிறுவர் படங்களையும் சொற்களையும் தெரிந்தெடுத்துத் தம் கருத்தைக் கருவியின் குரலால் வெளியிடத்தக்க ‘ஆவாஸ்’ என்னும் சாதனத்தை, அந்நிறுவனத்தாரோடு இணைந்து அஜித் நாராயணன் 2010ஆம் ஆண்டளவில் உருவாக்கினார். தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் 1981இல் அமர் சேவா சங்கத்தை நிறுவிய எஸ். இராமகிருஷ்ணன், 1975இல் நேர்ந்த முள்ளந்தண்டுக் காயத்தால் கழுத்துக்குக் கீழ்ச் செயலிழந்தவர். அச்சங்கத்தின் கிராமப் பணியாளர், வளர்ச்சிக் குறைபாடுடைய பிள்ளைகளின் வீடுகளுக்குக் கைக்கணினியுடன் சென்று, சிகிச்சையாளரின் வழிகாட்டலைத் தாய்மாருக்கு எடுத்துச் சொல்லும் முறை அண்மைய ஆண்டுகளில் வளர்ந்துள்ளது. இவ்விரண்டிலும் கருவி தனியே செல்லவில்லை. சென்னையில் ஆசிரியரும் ஆய்க்குடியிற் கிராமப் பணியாளரும் உடன் சென்றனர். கொத்மலையில் அறிவிப்பாளர் நின்ற இடத்திலேயே இவர்களும் நின்றனர். ஆகவே இடைநின்று விளக்குவோர் தற்காலிக வசதியல்லர். அவரே திட்டத்தின் முதுகெலும்பாவர்.

கைத்தொலைபேசியின் காலம்

கடந்த பத்தாண்டுகளில் நிலைமை மாறியுள்ளது. கணினி இன்று கைத்தொலைபேசியின் உருவில் லயத்தினுள்ளேயே வந்துவிட்டது. 2009இல் தோன்றிய வாட்ஸ்அப் செயலி 2013இல் குரற்பதிவை அனுப்பும் வசதியைச் சேர்த்துக்கொண்டது. சிறிய மாற்றமெனத் தோன்றும் இது, எழுதப் படிக்க அறியாதோருக்கும் விரல்கள் இயங்காதோருக்கும் பெருவாயிலைத் திறந்தது. குழுவிற் பேசத் தட்டெழுத்தும் வேண்டியதில்லை, செந்தமிழும் வேண்டியதில்லை. தோட்டத்துப் பேச்சுத் தமிழே போதுமானது. கிளீவ்லாந்து நகரத்தார் 1980களிற் கணினியில் எழுதிப் பெற்ற ஆறுதலை, பொகவந்தலாவையிலுள்ள ஒருவர் பேசிப் பெறுதல் இன்று தொழினுட்ப நோக்கில் இயலுவதே.

எனினும் தடைகள் சிலவற்றை மறைத்தல் ஆகாது. 2020ஆம் ஆண்டில் கொவிட் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, மலைப்பகுதிப் பிள்ளைகள் சமிக்ஞை தேடி மலையுச்சிகளுக்கு ஏறினர் என்பது யாவரும் அறிந்தது. ஏறவியலாதவருக்கு அவ்வழியும் இல்லை. அடுத்தது அந்தரங்கம் பற்றியது. ஒரே அறையிற் குடும்பம் முழுவதும் வாழும் லயத்தில், மகனுடைய தொலைபேசியை இரவல் வாங்கி, சிறுநீர்க் கட்டுப்பாட்டை இழந்தமை பற்றியோ மனச்சோர்வு பற்றியோ ஒரு தாய் எங்ஙனம் பேச முடியும்? கொழுந்துக் கூடையைச் சுமக்கும் தொழிலிற் பெண்களே மிகுதி. அவர்களே நோயுறும்போது தொலைபேசி அவர்கள் கைக்கு இறுதியாகவே வந்து சேருகின்றது. மூன்றாவது, பொய்யான மருத்துவச் செய்திகளும் பணம் பறிப்போரின் வலைகளும் ஆகும். நம்பிக்கை இழந்தவரே இவற்றுக்கு எளிதில் இரையாவர். வழிநடத்துவோர் அற்ற குழு நோயாளருக்கு ஆறுதலும் தரக்கூடும். அவர் மருந்தை நிறுத்தவும் கூடும்.

இவற்றினும் வலிய ஆட்சேபம் ஒன்றுண்டு. உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் போதாத, சக்கர நாற்காலிக்கு வழியற்ற, அன்றாடக் கூலியே போராட்டமாகிய சமூகத்தில் கணினிவழித் துணைக்குழு பற்றிப் பேசுதல் ஆடம்பரமல்லவா என்பதே அது. இவ்வாட்சேபம் நேர்மையானது. துணைக்குழு சிகிச்சைக்கு ஈடாகாது. அதனைக் காட்டிச் சிகிச்சை வசதிகளைக் குறைக்க முற்படுதல் அநீதியாகும். ஆயினும் ஒரு வரலாற்று உண்மையை இதனோடு சேர்த்து நோக்குதல் வேண்டும். தோட்ட மக்களின் உரிமைகள் எவையும் அவர்கள் தனித்தனியே இருந்தபோது கிடைக்கவில்லை. ஒரே துன்பத்தை உடையோர் ஒருவரையொருவர் அறிந்தபின்பே கோரிக்கை பிறந்தது. கோரிக்கை பிறந்தபின்பே சட்டமும் சலுகையும் வந்தன. உழைப்போருக்குப் பிரட்டுக்களமும் மலையும் கோயில் முன்றிலும் சந்திக்கும் இடங்களாயிருந்தன. உழைக்க இயலாதோருக்கு அத்தகைய இடம் இருந்ததில்லை. ஒரு லயத்தில் ஒருவராகவும், ஒரு தோட்டத்தில் நால்வராகவும் சிதறிக் கிடந்த அவர்கள், தாம் ஒரு கூட்டத்தினர் என்பதையே அறியாதிருந்தனர். கணினிவழிக் குழு அவர்களுக்குக் கிடைக்கத்தக்க முதற் பொதுவிடமாகலாம். பாதைக்கும் சக்கர நாற்காலிக்கும் குரல் எழுப்பத்தக்க இடமும் அதுவே.

செய்யத்தக்கன

இதுகாறும் கூறியவற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, அறிமுகம் மருத்துவமனையிலேயே தொடங்குதல் வேண்டும். ராகமையிலோ திகனையிலோ டிக்கோயாவிலோ நோயாளி படுக்கையில் இருக்கும் வாரங்களே கருவியைப் பழகவும், உடனிருக்கும் நோயாளரோடு உறவு கொள்ளவும் ஏற்ற காலமாகும். முகமறிந்தோர் அமைக்கும் குழுவே வீடு திரும்பியபின் நீடிக்கும். இரண்டாவது, குழுவை வழிநடத்துவோர் தமிழிற் பேசுவோராகவும், தோட்ட வாழ்வை அறிந்தவராகவும் இருத்தல் அவசியம். நோயிலிருந்து மீண்ட ஒருவரும் தோட்ட மருத்துவ உதவியாளரும் இணைந்து இப்பணியை ஆற்றலாம். மூன்றாவது, ஆங்கில அட்டையைத் தமிழில் விளக்கியுரைப்போர் தேவை. மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த மாணவரின் தொகை முன்னையினும் பெருகியுள்ள இக்காலத்தில், மருத்துவ பீடத்தாரும் கலைப் பீடத்தாரும் ஒன்றிணைந்து ஆற்றத்தக்க பணி இது. விடுமுறை நாட்களிற் சில மணி நேரமும், பொறுமையும், தெளிந்த தமிழுமே இதற்கு வேண்டிய முதலாகும்.

1872ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் தொழிலாளரின் உடலை நோக்கியது. 1999ஆம் ஆண்டின் கொத்மலை முயற்சி மக்களின் வினாவை நோக்கியது. இவை இரண்டும் விட்டுச்சென்ற இடைவெளியில் உழைக்க இயலாத மலையக மனிதர் இன்னும் தனித்தே இருக்கின்றார். அவரைச் சென்றடையும் கருவி இன்று மலிவாகக் கிடைக்கின்றது. அவர் பேசும் மொழியைக் கருவியும் ஏற்றுக்கொண்டுள்ளது. எஞ்சியிருப்பது, அதனை எடுத்துச் சென்று அவரருகே அமர்ந்து பழக்கிக் கொடுக்கும் மனிதரைத் தேடிக் கண்டு ஆயத்தப்படுத்துதலாகும். செக்ரோலில் இனி ஒருபோதும் பேர் விழாத ஒருவரை, அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி மற்றொரு மலையிலிருந்து ஒருவர் அழைத்து நலம் வினவும் நாளிலேயே, புனர்வாழ்வு என்னும் சொல் மலையகத்தில் அதன் முழுப் பொருளையும் பெறும்.